ஆங்கிலம் பழகுவோம்: ‘யூஸ்ட் டு’ – முன்பு இருந்ததும் இன்னும் இருப்பதும்

முகத்துவாரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஓர் அம்மா கடிதமொன்றைக் கொண்டுவந்தார். அவரது சொந்த ஊர் மயிலிட்டி. 1990 இல் இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, கடைசியில் கொழும்பு 15 இல் வாடகை வீட்டில் குடியிருந்தவர். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய காணிகளில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டதும் ஊர் திரும்ப ஆயத்தமானார். வீடு கட்ட உதவி கேட்டு அவருடைய மகள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. முதல் வரி இப்படி இருந்தது:

‘வீ யூஸ்ட் டு ஓன் டூ பரப்பு ஒஃப் லாண்ட் இன் மயிலிட்டி.’

கடிதத்தை வாசித்த உதவி அலுவலர், “அப்படியென்றால் காணி இப்போது உங்களுடையது இல்லையா?” என்று கேட்டாராம். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காணி உறுதி அப்போதும் அவருடைய கைப்பையில்தான் இருந்தது.

மகள் இலக்கணப் பிழை எதுவும் விடவில்லை. “எங்களுக்கு மயிலிட்டியில் இரண்டு பரப்புக் காணி இருந்தது” என்று தமிழில் நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? காணியைக் கண்ணால் காணாத காலத்தில் ‘இருந்தது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்கும் தமிழருக்கு அதன் பொருள் விளங்கும். ஆங்கிலம் வாசிப்பவர் வேறு விதமாக விளங்கிக்கொள்வார். ஆகவே இந்த இரு சொற்களை இன்று கவனமாகப் படிப்போம்.

1. முன்பு இருந்தது, இப்போது இல்லை

‘யூஸ்ட் டு’ என்பதற்குப் பின்னால் வெறும் வினைச்சொல் வந்தால், ஒரு பழக்கமோ நிலைமையோ முன்பு நெடுநாள் இருந்து இப்போது இல்லாமற் போய்விட்டது என்று பொருள்.

‘மை ஃபாதர் யூஸ்ட் டு ஃபிஷ் அட் மயிலிட்டி.’ – அப்பா முன்பு மயிலிட்டியில் மீன்பிடித்தார். இப்போது அங்கே தொழில் செய்வதில்லை.

‘த ஃபெரி யூஸ்ட் டு கோ ஃப்ரொம் தலைமன்னார் டு ராமேஸ்வரம்.’ – தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு முன்பு கப்பல் ஓடியது. 1980களில் நின்றுவிட்டது.

யாழ்தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 இல் தொடங்கிய அந்த ரயில் 1990 இல் யாழ்ப்பாணம் போவதை நிறுத்தியது. அதன் பிறகு 24 ஆண்டுகளாக, ‘யாழ்தேவி யூஸ்ட் டு கோ டு ஜஃப்னா’ என்று சொல்வது சரியாக இருந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. அன்றிலிருந்து அந்த வாக்கியம் பொருந்தாது. ‘கோஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு முறை மட்டும் நடந்ததற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ‘வீ லெஃப்ட் அவர் வில்லேஜ் இன் 1990’ என்பதே சரி. இத்தனை ஆண்டுகள் என்று கணக்குச் சொல்லும்போதும் இது வராது. ‘வீ லிவ்ட் இன் முகத்துவாரம் ஃபோர் டென் இயர்ஸ்’ என்று எழுதுங்கள்.

2. பழகிவிட்டது

இதற்கு முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்பவற்றில் ஒன்று வந்து, பின்னால் ஒரு பெயர்ச்சொல்லோ ‘இங்’ என முடியும் சொல்லோ வந்தால் பொருள் மாறிவிடும்.

‘ஐ ஆம் யூஸ்ட் டு த நொய்ஸ் ஒஃப் த ஹாபர்.’ – துறைமுகத்து இரைச்சல் எனக்குப் பழகிவிட்டது.

‘மை சில்ட்ரன் ஆர் நொட் யூஸ்ட் டு ட்ரோயிங் வோட்டர் ஃப்ரொம் எ வெல்.’ – என் பிள்ளைகளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பழக்கமில்லை.

கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஊர் திரும்பும் பெற்றோருக்கு இந்த இரண்டாவது வாக்கியம் அடிக்கடி தேவைப்படும்.

3. பயன்படுத்தப்படுகிறது

‘திஸ் ஃபோம் இஸ் யூஸ்ட் டு ஆஸ்க் ஃபோர் ஹவுசிங் எய்ட்.’ – இந்தப் படிவம் வீட்டு உதவி கேட்கப் பயன்படுகிறது.

எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் ஒலி வேறு. இங்கே நடுவில் வரும் ‘ஸ்’ வண்டு ரீங்கரிப்பது போல் ஒலிக்கும். முதல் இரண்டு வகைகளிலும் அது பாம்பு சீறுவது போன்ற மெல்லிய ஒலி.

4. கேள்வியும் மறுப்பும்

நேர்முகத்தில் உங்களிடம் இப்படிக் கேட்கலாம்: ‘வெயர் டிட் யூ யூஸ் டு லிவ்?’ – முன்பு எங்கே வசித்தீர்கள்? ‘டிட்’ வந்ததும் ‘யூஸ்ட்’ என்பதன் கடைசி எழுத்தான ‘டீ’ விழுந்துவிடும். மறுப்பும் அப்படியே: ‘வீ டிடின்ட் யூஸ் டு பே ரென்ட்.’ – முன்பு நாங்கள் வாடகை கட்டியதில்லை.

5. காணி பற்றி எழுதும்போது

வசிப்பது வேறு, உரிமை வேறு. வசிப்பது நின்றிருக்கலாம். உரிமை நிற்கவில்லை என்றால் அதை நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

• உறுதிக் காணி என்றால்: ‘வீ ஓன் திஸ் லாண்ட். வீ ஹாவ் நொட் லிவ்ட் தேர் சின்ஸ் 1990.’

• அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வைத்திருந்தால் ‘ஓன்’ என்று எழுத வேண்டாம். ‘வீ ஹாவ் எ பெர்மிட் ஃபோர் திஸ் லாண்ட்’ என்று எழுதுங்கள்.

• உறுதி தொலைந்திருந்தால்: ‘வீ லொஸ்ட் த டீட்.’ தொலைந்தது பத்திரம் மட்டுமே. அதனால் காணி உங்களுடையது அல்ல என்று ஆகிவிடாது.

• வீட்டை விட்டு வந்ததைச் சொல்ல: ‘வீ ஹாட் டு லீவ்.’ ‘வீ கேவ் அப் அவர் லாண்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். அது காணியை நாங்களாகவே கைவிட்டோம் என்று பொருள்படும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். பிறருடைய தனியார் காணியை 10 ஆண்டுகள் இடையூறின்றி, தனதென்று ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோர 1871 ஆம் ஆண்டிலிருந்தே எங்கள் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. போரினால் தங்கள் காணிக்குப் போகவோ வழக்குத் தொடுக்கவோ முடியாமற் போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. உங்கள் காணியில் வேறொருவர் குடியிருந்தால், அதுபற்றி எந்தக் கடிதமும் எழுதுவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், கையொப்பமிடும் முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “இப்போது இல்லை என்றா எழுதியிருக்கிறது?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பயிற்சி

கீழ் உள்ளவற்றில் எவற்றுக்கு ‘யூஸ்ட் டு’ பொருந்தும்?

1. முன்பு எங்களிடம் ஒரு வள்ளம் இருந்தது, விற்றுவிட்டோம்.
2. ஊரில் எங்களுக்கு வீட்டுக் காணி இருக்கிறது, உறுதியும் இருக்கிறது.
3. 1995 இல் நாங்கள் வன்னிக்குப் போனோம்.
4. என் மகனுக்குப் புதிய பாடசாலை இன்னும் பழகவில்லை.

விடைகள்:

1. பொருந்தும்: ‘வீ யூஸ்ட் டு ஹாவ் எ போட்.’
2. பொருந்தாது: ‘வீ ஓன் லாண்ட் இன் அவர் வில்லேஜ். வீ ஹாவ் த டீட்.’
3. பொருந்தாது, ஒரு முறை நடந்தது: ‘வீ வென்ட் டு த வன்னி இன் 1995.’
4. இரண்டாவது வகையாகப் பொருந்தும்: ‘மை சன் இஸ் நொட் யூஸ்ட் டு த நியூ ஸ்கூல் யெட்.’

அந்த அம்மாவின் கடிதத்தை மகளே திருத்தினார். அடித்தது இரண்டு சொற்கள் மட்டுமே: ‘வீ ஓன் டூ பரப்பு ஒஃப் லாண்ட் இன் மயிலிட்டி.’ உறுதியின் பிரதியையும் இணைத்து அனுப்பினார்கள். உங்கள் வீட்டிலும் பழைய கடிதங்களின் பிரதிகள் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ‘யூஸ்ட் டு’ என்று இருக்கும் இடமெல்லாம் கோடிட்டு, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து திருத்துவோம்.