திருவனந்தபுரத்தில் வீடு: வாடகை, ஒற்றி, விலை



திருவனந்தபுரத்தில் வாடகை வீடு தேடுவோர் பெரும்பாலும் இரண்டு பக்கங்களில் தேடுகிறார்கள். ஒன்று, 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள கழக்கூட்டம், காரியவட்டம், ஸ்ரீகாரியம். மற்றொன்று, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கரமனை, வலியசாலை, கிழக்கேகோட்டைப் பகுதிகள். எந்தப் பக்கமானாலும் வாடகையைப் பேசுவதற்கு முன் மழைநீரைப் பற்றி விசாரிக்க வேண்டும். 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பெருகி, டெக்னோபார்க்கை அடுத்த குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டாலே தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்டிவிடுவார்.

ஒப்பந்தம் ஏன் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. பதிவுச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கமே 11 மாதம். அந்தத் தவணை முடிந்த மறுநாளே வாடகைதாரர் வெளியேறியாக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இந்நகரில் 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செல்லும். அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் ஒருவரை வெளியேற்ற முடியும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அந்தக் காரணங்களில் மூன்று அடிக்கடி எழுகின்றன. முதலாவது வாடகைப் பாக்கி. வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தப் பாக்கியைக் காட்டி வழக்குப் போட முடியாது. இரண்டாவது, வீட்டுக்காரருக்கோ அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கோ உண்மையாகவே அந்த வீடு தேவைப்படுவது. மூன்றாவது பலருக்கும் தெரியாதது: தக்க காரணமின்றித் தொடர்ந்து 6 மாதம் வீட்டைப் பூட்டி வைத்தால் அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும். வேலை மாறிப் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய், வாடகையை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு இது பொருந்தும். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அறையை நண்பருக்கு உள்வாடகைக்கு விடுவதும் ஆபத்தே.

வாடகையை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். அட்வான்ஸ் தொகை, அதில் என்னென்ன கழிக்கப்படும், எப்போது திருப்பித் தரப்படும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கேரள மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடுவதால், குடிபுகும் நாளின் மீட்டர் அளவைக் குறித்து இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்காரர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகை சிறியதானாலும் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது.

வாடகை கட்ட வேண்டாம் என்ற ஆசையில் ஒற்றிக்குப் போகிறவர்களும் உண்டு. பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது தொகையைத் திரும்பப் பெறுவதே ஒற்றி. வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒற்றிக்குச் சட்டத்தின் முன் வலுவில்லை. அது பதிவு செய்யப்பட வேண்டிய அடமானம். வீட்டின் மூல ஆதாரம் (பத்திரம்) ஏற்கெனவே வங்கியில் இருந்தால், கடன் தவறும் நாளில் வீடு ஏலத்துக்குப் போகும், கொடுத்த பணம் நடுவில் சிக்கிக்கொள்ளும். பதிவு செய்ய மறுக்கும் வீட்டுக்காரரிடம் ஒற்றிக்கே போகக் கூடாது.

சொந்த வீடு வாங்கி வாடகைக்கு விடும் காலம் வந்தால் வேறொரு பயம் எழும்: 12 ஆண்டு குடியிருந்தவருக்கு வீடு சொந்தமாகிவிடுமா? ஆகாது. அனுமதி பெற்று, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் உரிமையை மறுக்க முடியாது. 12 ஆண்டுக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து அனுபவிப்பவருக்குத்தான் பொருந்தும். வாடகை ஒப்பந்தமும் வங்கி வரவும் இருக்கும்வரை கவலை வேண்டாம்.

வாங்கும் வீட்டில் வாடகைதாரர் இருந்தால் விற்பனையோடு அவர் உரிமை போய்விடாது. வாங்கியவர் சொந்தக் குடியிருப்புக்காக அவரை வெளியேற்றக் கோர, பத்திரத் தேதியிலிருந்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே அவசரமாகக் குடிபுக வேண்டியவர் காலியான வீட்டையே வாங்க வேண்டும். விற்பவரும் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

விலையோடு செலவும் சேரும். முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 6 லட்சம் தனியே வேண்டும். பரிசோதிக்க வேண்டியவை முன்னாதாரங்கள், வில்லங்கச் சான்றிதழ், கிராம அலுவலகத்தில் போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்து விற்பவர் பெயரில் வந்த கரம் (நிலவரி) ரசீது, கைவசச் சான்றிதழ், மாநகராட்சியின் உரிமைச் சான்றிதழ். இவற்றுள் தமிழர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். ‘புரயிடம்’ என்று இருந்தால்தான் வீட்டுமனைக்கு ஏற்ற இடம். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்பத் தடை விதிக்கிறது. விற்பவர் வெளிநாட்டில் இருந்து, பவர் வைத்திருப்பவர் கையெழுத்திட வந்தால், அந்தப் பவர் இன்றும் செல்லுபடியாகிறதா என்று பார்த்தாக வேண்டும். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தால் வீட்டுரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும். புரோக்கர் சொல்லும் சுருக்கத்தை நம்பாமல், வரிக்கு வரி வாசித்துச் சொல்லும் வக்கீலிடம் காட்டிய பிறகே அச்சாரம் கொடுக்க வேண்டும்.