தீயை இழுத்துப் போட்ட பிறகு

ஸ்லோ குக்கர் இறைச்சியை நன்றாக வேகவைக்கும். ஆனால் அதற்கு வறுக்கத் தெரியாது, குழம்பை வற்றவைக்கவும் தெரியாது. ஸ்பகெட்டிக்கு இறைச்சி சாஸ் செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டு வேலையும் நம் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், சாஸ் கைவந்துவிடும்.

இதை நான் எந்தக் குறிப்பிலிருந்தும் படிக்கவில்லை. அம்மை வைக்கும் வறுத்தரைத்த இறைச்சிக்கறியிலிருந்து தெரிந்துகொண்டேன். தேங்காயைத் திருவி, வத்தல்மிளகு, கொத்தமல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம், இரண்டு உள்ளி எல்லாம் சேர்த்துச் செம்பழுப்பாகிற வரைக்கும் வறுத்து அம்மியில் அரைப்பாள். மண்சட்டியில் கறி ஒரு கொதி வந்ததும் ரப்பர் விறகை வெளியே இழுத்துவிடுவாள். மீதி வேலையைக் கனல் பார்த்துக்கொள்ளும். நான் அடுப்படியில் நின்றால், "தீய இழுத்துப் போடு மக்ளே, கறி துள்ளப்பிடாது" என்பாள். வறுப்பது பெரிய தீயில், வேகவைப்பது கனலில். இந்த இரண்டையும் அவள் ஒருநாளும் கலந்ததில்லை. அத்தான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர் அந்தக் கனலின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது.

இறைச்சி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். கடைக்காரரிடம் முன்சப்பை, கழுத்து, கால்சதை என்று கேளுங்கள். அதிகம் உழைத்த தசைகள் இவை. ஜவ்வும் நரம்பும் இருக்கும். அவசரமாக வேகவைத்தால் கடிக்க முடியாது. ஆனால் அந்த ஜவ்வில் இருக்கிற கொலாஜன், 70 டிகிரிக்கு மேலான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் உருகி ஜெலட்டின் ஆகும். சாஸின் கொழகொழப்பும் நாக்கில் ஒட்டும் சுவையும் அதிலிருந்து வருவதுதான். கொழுப்பில்லாத தொடைக்கறியை எட்டு மணி நேரம் போட்டால் நார்நாராகக் காய்ந்துபோகும். விலை கூடுதல், பலன் குறைவு. கொத்துக்கறியாக அரைத்து வாங்குவதைவிட, சிறு துண்டுகளாகப் போட்டு வெந்த பிறகு அகப்பையின் முதுகால் உடைத்துவிடுவதே எனக்குப் பிடித்தம். சாஸில் இறைச்சி இறைச்சியாகத் தெரியும்.

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு நான் செய்வது இது. துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, உப்புப் போட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வறுப்பேன். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், நிறம் ஏறாது. அந்தப் பழுப்பு நிறம் சுமார் 140 டிகிரியைத் தாண்டினால்தான் வரும். குழம்பு இருக்கிற குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வறுக்காத இறைச்சி எத்தனை மணி நேரம் உள்ளே கிடந்தாலும் அந்த மணம் அதற்கு வராது. அதே சட்டியில் உள்ளி கால் கிலோ, பூண்டு ஒரு கைப்பிடி, இடித்த பெருஞ்சீரகம், நல்லமிளகு சேர்த்து வதக்க வேண்டும். உள்ளி இங்கேயே முழுதாகக் குழைய வேண்டும். தக்காளியின் புளிப்புக்குள் போய்விட்டால் அது எளிதில் குழையாது. பெருஞ்சீரகத்தை ஸ்பகெட்டியில் போடுவதா என்று தயங்க வேண்டாம், இத்தாலியர்களும் தங்கள் சாசேஜில் போடுகிறவர்கள்தான்.

கிராம்பு இரண்டு போதும். மாறாமலைப் பக்கம் விளையும் நம் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் எண்ணெயும் மிகுந்த சரக்கு அது. மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

தக்காளி ஒரு கிலோ. அதைத் தனிப் பாத்திரத்தில் மூடாமல் கொதிக்கவிட்டுப் பாதியாக வற்றவையுங்கள். குக்கரின் மூடியில் ஏறும் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டும். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே இருக்கும். நாட்டுத் தக்காளி புளித்தால் சர்க்கரைக்குப் பதில் ஒரு கரண்டி மார்த்தாண்டம் தேன். வறுத்த சட்டியில் ஒட்டியிருப்பதை அரை டம்ளர் வெந்நீர் விட்டுச் சுரண்டி அதையும் ஊற்றுங்கள். ருசி முழுக்க அந்த அடியில்தான் இருக்கிறது, அதைக் கழுவிக் கொட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

பிறகு எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூடிவிடலாம். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், கூடிய சூட்டில் நாலு. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒருதடவை திறந்தால் போன சூடு திரும்ப அரைமணி நேரம்கூட ஆகலாம். ஃப்ரீசரில் உறைந்த இறைச்சியை நேராகப் போடவும் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி பெருகும், உறைந்த கறி அந்த இடைவெளியில் வெகுநேரம் கிடந்துவிடும். நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு, மழை வந்தால் கரண்ட் போவதும் உண்டு. ஆள் இருக்கும்போது போனால் கறியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கேஸ் அடுப்பில் கொதிக்கவிடுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் போய், எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியவில்லையென்றால் அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம். வெளியே போகிற நாளில் நான் குக்கரை எடுப்பதே இல்லை. மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 200 வாட் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், அவ்வளவுதான்.

கடைசி அரைமணி நேரத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்ப்பேன். முதல்பால் மட்டும். முதலிலேயே ஊற்றினால் திரிந்து எண்ணெய் பிரியும். இது நான் செய்த சேர்மானமாக இருக்கலாம், ஆனால் இறைச்சி சாஸில் பால் சேர்ப்பது புதிதல்ல. இத்தாலியில் பொலோனியா நகரின் வணிகச் சபையில் 1982இல் பதிவு செய்யப்பட்ட ராகு என்ற இறைச்சி சாஸின் செய்முறையில் பசும்பால் இருக்கிறது. அந்த ஊரில் இதை ஸ்பகெட்டியோடு சாப்பிடும் வழக்கமில்லை, தாலியாதெல்லே என்ற பட்டையான பாஸ்தாவோடுதான். சாஸ் அதில் நன்றாகப் பிடிக்கும். ஸ்பகெட்டிதான் இருக்கிறதென்றால் தட்டில் மேலே ஊற்றாமல், வெந்த ஸ்பகெட்டியைச் சாஸோடு சட்டியில் போட்டு, அது வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு இரண்டு நிமிடம் பிரட்டுங்கள்.

இடியாப்பத்துக்கு இதே சாஸைச் சற்று நீர்க்க வையுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்பகெட்டி, அம்மைக்கு இடியாப்பம், எனக்கு அவித்த மரச்சீனி. மீந்ததை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சூடாக்க ஸ்லோ குக்கர் ஆகாது, அது சூடாவதற்கு நெடுநேரம் எடுக்கும். அடுப்பில் வைத்து ஒரு கொதி வரட்டும்.