தகடில்லாத சாட்சியம்

இராஜபாளையம்

அன்புள்ள கோமதிக்கு, மாமாவின் ஆசீர்வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை உன் பொறுப்பில் விட்டிருப்பதாக எழுதியிருந்தாய். பதிவேடு எழுதுவதிலேயே பாதிப் பொழுது போகிறதென்று சலித்தும் கொண்டாய். அந்தச் சலிப்புக்குத்தான் இக்கடிதம்.

நியூசிலாந்தில், ஆக்லாந்து மகளிர் மருத்துவமனையில், புற்றுக்கு முந்திய மாறுதல் கண்ட பெண்கள் பலரை, அது முற்றுமா முற்றாதா என்று பார்ப்பதற்காக, அவர்கள் அறியாமலே உரிய சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த கொடுமை, 1987இல் இரண்டு பெண்கள் பத்திரிகையில் எழுதியதால் அம்பலமாகி, நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் பகிரங்க விசாரணைக்கு வந்தது. தேசம் முழுவதற்கும் பரிசோதனைத் திட்டம் வேண்டுமென்று மறு ஆண்டு அவர் கூறினார், திட்டமும் பிறந்தது. விந்தை என்னவென்றால், அத்திட்டமே அடுத்த விசாரணைக்கு இலக்காயிற்று. கிஸ்போர்ன் என்னும் சிறு நகரில் நிபுணர் ஒருவர் தனியே இருந்து, கர்ப்பப்பை வாயின் உயிரணுக்களைத் தடவிய கண்ணாடித் தகடுகளைப் பார்த்து, கோளாறுள்ளவை பலவற்றையும் கோளாறில்லை என்று எழுதிவந்தார், சரிபார்ப்பார் இல்லை. நல்லவேளையாகத் தகடுகள் பத்திரமாக இருந்தன. சிட்னியில் அவற்றை மீண்டும் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2001இல் வந்த அறிக்கை அவரோடு நில்லாமல், அவரைக் கண்காணியாத திட்டத்தையும் சாடியது.

உன் முறை வேறு. அசிட்டிக் அமிலம் தோய்த்த பஞ்சால் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெண்திட்டு எழுகிறதா என்று நீ கண்ணால் பார்க்கிறாய். சற்றைக்கெல்லாம் அது மங்கிவிடும். மலிவான முறைதான், ஆனால் அற்பமானதன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், இம்முறையால் இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததென்று 2007இல் 'லான்செட்' பிரசுரித்தது. (ஒப்பிடுவதற்கென்று பரிசோதனையே இல்லாமல் விடப்பட்ட முப்பதாயிரம் பெண்களை எண்ணும்போது எனக்கு ஆக்லாந்து ஞாபகம் வருகிறது. அன்று இங்கே வேறு திட்டம் ஏதுமில்லையே என்று விஞ்ஞானிகள் சொல்லும் சமாதானம் எனக்குப் போதவில்லை.)

நாளை ஒருத்தி நோயோடு வந்து, "அன்றே என்னைப் பார்த்தீர்களே" என்று கேட்டால், மறுபடி எடுத்துப் படிக்க உன்னிடம் தகடு ஏது? எந்த நீதிபதி வந்தாலும் உன் பதிவேடு ஒன்றே சாட்சி. ஆகையால் திட்டு உண்டென்று எழுதியதோடு நிறுத்தாதே; உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அனுப்பிய தேதி, அவள் போனாளா என்பது, முடிவை அவளிடம் சொன்னவர் யார் என்பது, எல்லாம் ஏற வேண்டும். அயர்லாந்தில் இதே நோய்ப் பரிசோதனை பற்றி 2018இல் மூண்ட கொந்தளிப்பு, பழைய முடிவுகள் பிழையென்று மறு ஆய்வில் தெரிந்தும் அந்தப் பெண்களிடமே சொல்லாமல் இருந்ததால் வந்தது.

சத்திரப்பட்டியில் தறியோட்டுகிறவளும் நம் நூற்பாலைக்குப் போகிறவளும் சொன்ன தேதியில் வராமற்போவது அலட்சியத்தால் அன்று. ஒரு நாள் கூலி போய்விடும். 'அனுப்பப்பட்டது' என்பதோடு நிற்கும் பெயர்களை முதலில் பிரித்தெடு. அவரவர்க்கு வார ஓய்வு என்று வருகிறதென்று கேட்டு, அந்தக் கிழமையிலேயே தேதி கொடு.

அன்புள்ள,
மாமா