யாப்புத் திருத்தமும் குடிமக்கள் பங்கும்

செய்யுளுக்கு யாப்பு எவ்வாறோ, அரசுக்கும் யாப்பு அவ்வாறே இன்றியமையாதது. செய்யுளின் யாப்பைப் புலவர் காப்பர். அரசின் யாப்பைக் காக்க வேண்டியவர் யாவர்? அது சட்டம் வல்லார் கடன் என வாளாவிருத்தல் குடிமக்களுக்கு அழகன்று. இறைமை மக்களுக்கே உரியது என நமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 3ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வாறாயின், யாப்புத் திருத்தப்படும்போது மக்கள் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, கருத்துரைத்தல். புதிய யாப்பொன்றை ஆக்கும் முயற்சியின்போது, அரசு அமைத்த குழுவொன்று 2016இல் மாவட்டந்தோறும் சென்று, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. அம்முயற்சி நிறைவெய்தவில்லை, எனினும் மக்கள் கூறியவை பதிவாயின.

இரண்டாவது, நீதிமன்றத்தை நாடுதல். சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்திற் சேர்ந்ததும், எக்குடிமகனும் 121ஆம் உறுப்புரையின்படி குறித்த நாட்களுள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். திருத்தம் நன்றோ தீதோ என்பது ஆங்கு வினாவன்று. அதற்கு மக்களின் நேர் ஒப்புதல் வேண்டுமோ என்பதே வினா. 2020இல் 20ஆம் திருத்தத்துக்கெதிராக 39 மனுக்கள் இடப்பட்டன. சில பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமென மன்று தீர்மானித்தது. அப்பிரிவுகளைத் திருத்திய பின்னரே அது நிறைவேறியது.

மூன்றாவது, வாக்களித்தல். பாராளுமன்றத்தின் 225 உறுப்பினருள் 150 பேர் இசைந்தாற் பெரும்பாலான திருத்தங்களுக்குப் போதும். ஒற்றையாட்சி, இறைமை, சிந்தனைச் சுதந்திரம் முதலியன பற்றிய உறுப்புரைகளை மாற்றுதற்கோ மக்கள் வாக்கும் வேண்டும். நாடு தழுவிய சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22இல் ஒருமுறையே நிகழ்ந்தது. பொதுத் தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் காலம் நீண்டமை அதன் விளைவு. மக்கள் வாக்கே மக்களின் தேர்தலைத் தள்ளிவைக்கவும் வல்லது என்பதை இதனால் அறிக.

சுவிற்சர்லாந்தில் 100,000 வாக்காளர் 18 மாதத்துள் ஒப்பமிட்டால், யாப்புத் திருத்தத்தை அவர்களே முன்மொழியலாம். நமக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே உள்ள வழிகளையேனும் காலத்தாற் பயன்படுத்தல் வேண்டும். சட்டமூலம் சான்றுப்படுத்தப்பட்டுச் சட்டமானபின், அதன் வலிதுடைமையை எந்நீதிமன்றமும் வினவவியலாது என்பது 80ஆம் உறுப்புரையின் விதி. வெள்ளம் வருமுன்னரே அணை கோலுதல் வேண்டுமன்றோ?

மாணவர்காள்! சட்டமூலங்கள் தமிழிலும் வெளியாகின்றன. ஒரு சொல் மாறினும் உரிமையொன்று மாறலாம். பழைய உறுப்புரையையும் புதியதையும் அருகருகே வைத்துச் சொற்சொல்லாக ஒப்புநோக்குங்கள். இலக்கணம் பயின்ற கண்ணுக்கு அது அரிதன்று. பழைய மாணவர்காள்! உங்களுட் சட்டம் கற்றோர் பலர் உளர். அயலவர்க்கு அதன் பொருளை எடுத்துரையுங்கள். படித்தறிந்த குடிமக்களே யாப்புக்கு அரண்.