அக்கரைச் செலவும் இக்கரைச் செலவும்

இந்த முறை கொஞ்சம் கணக்குப் பாடம். செக்ரோல் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது லேசு.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் கூடலூர், கோத்தகிரிப் பக்கமும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். போனில் பேசினால் "அங்கே பேருக்கு எவ்வளவு சம்பளம்?" என்றுதான் கேட்கிறோம். அதைக் கேட்டால் போதாது. அந்தக் காசுக்கு என்ன வாங்கித் தின்ன, உடுத்த முடிகிறது என்று கேட்க வேண்டும். நாடுகளையும் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்குப் பெயர் இறுதி நுகர்வுச் செலவு.

குடும்பங்கள் அரிசி, மா, துணி, பஸ், மருந்து என்று செலவழிப்பதும், அரசாங்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குச் செலவழிப்பதும் இதில் சேரும். லயத்துக்குப் பின்னால் நாம் போட்டுச் சாப்பிடும் கீரைக்கும் ஒரு விலை போட்டுச் சேர்ப்பார்கள். புது வீடு கட்டுவது சேராது, அது முதலீடு.

இனி ஒப்பிடுவோம். முதலில் காசு. 1964இல் இரண்டு நாட்டு ரூபாயும் ஒரே மதிப்பு, ஒரு டொலருக்கு 4 ரூபாய 76 சதம். இப்போது இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் ரூபாய் மூன்றரை அளவு. ஆகவே அண்ணன் சொல்லும் தொகையை அப்படியே நம் தொகையோடு வைத்துப் பார்க்கக் கூடாது. அடுத்தது தலைக்கணக்கு. இந்தியாவின் மொத்தச் செலவு நம்முடையதை விட மிகப் பெரியது. அங்கே 140 கோடிக்கு மேல் சனம், இங்கே 2 கோடி 20 லட்சம் அளவு. ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் இலங்கையின் செலவுதான் கூட. பலருக்கு இது நம்ப முடியாமல் இருக்கும்.

மூன்றாவது விலை. இதில்தான் நாம் அடிபட்டோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. டொலர் 200 ரூபாய் அளவில் இருந்ததால் அது ஐந்து டொலர். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாய். அதே ஆயிரம் மூன்று டொலர் கூட இல்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண், ஒரு வருசத்தில் விலைகள் நூற்றுக்கு 70 அளவு ஏறியதாகக் காட்டியது. நான் இருக்கும் அன்புவழிபுரத்துக்குக் கிட்டத்தான் சீனக்குடா பிறிமா மாவாலை. ஆனாலும் கோதுமை கப்பலில், டொலருக்கு வருகிறது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ரொட்டி மா மலிவாகக் கிடைக்கவில்லை. அந்த வருசம் வீட்டுச் செலவுக் கொப்பியில் தொகை கூடியிருக்கும், சட்டியில் விழுந்தது குறைந்திருக்கும். அதனால்தான் விலையேற்றத்தைக் கழித்த பிறகே வருசத்துக்கு வருசம் ஒப்பிட வேண்டும். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் வந்தபோதும் டொலர் கணக்கில் அது நாலரைதான்.

சராசரி என்பதும் ஏமாற்றும். 2019 கணக்கெடுப்பில் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 76,000 ரூபாய் அளவு, தோட்டப்புறத்தில் 47,000 அளவு. தொகைமதிப்புத் திணைக்களம் தோட்டத்தைத் தனியாகக் கணக்கெடுப்பதால்தான் இது வெளியே தெரிகிறது. அடுத்த முறை கணக்கெடுப்பவர் லயத்துக்கு வந்தால், கடைக்கடன், தோட்டத்துக் கீரை, கோழி முட்டை எல்லாவற்றையும் விடாமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வீட்டுச் செலவைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் சில வீடுகளில் உண்டு, அது வேண்டாம்.