பால் படாத பீட்ஸா சாஸ்: ஒரு புனே வீட்டுக் குறிப்புகள்

படிக்கவோ ஹிஞ்சவடியில் வேலை பார்க்கவோ புனே வந்த பிள்ளை ஒருநாள் "நான் இனிமேல் வீகன்" என்று சொல்லிவிட்டால், பால், தயிர், நெய், தேன் எல்லாம் தட்டிலிருந்து போய்விடும். 'அப்போ ஞாயிற்றுக்கிழமை பீட்ஸா?' என்று வீடு கவலைப்படும். பீட்ஸா சாஸுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய பீட்ஸாவான மரினாராவில் தக்காளி, பூண்டு, ஆரிகனோ, எண்ணெய் மட்டும்தான். சீஸே கிடையாது. நம் சிக்கல் வேறு: தக்காளியை வாணலியில் போட்டாலே தமிழ்க் கை அதைத் தொக்காக்கப் பார்க்கும். கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதைத் தடுக்கத்தான்.

1. தக்காளி. மகாத்மா புலே மண்டை சந்தையில் (1886-இல் 'ரே மார்க்கெட்' என்ற பெயரில் திறந்த அதே சந்தைதான்) இரண்டு வகை கிடைக்கும். உருண்டையாக, சாறு நிறைந்து, புளிப்பாக இருப்பது நாட்டு ரகம். ரசத்துக்கு அதுதான். சாஸுக்கு முட்டை வடிவில், சதைப்பற்றோடு, அழுத்தினால் லேசாக அமுங்கும் ரகம் வேண்டும். காம்புப் பக்கம் பச்சையோ மஞ்சளோ இருந்தால் வீட்டில் இரண்டு நாள் வெளியே வைத்துச் சிவக்க விடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், மணமும் போய்விடும். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் நன்றாகக் கனிந்த பழத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சாஸுக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை. அழுகல் மட்டும் இருக்கக் கூடாது.

2. விலை இறங்கும்போது மொத்தமாகச் செய்யுங்கள். புனேவிலிருந்து நாசிக் சாலையில் போனால் வரும் நாராயண்காவ் பெரிய தக்காளிச் சந்தை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தக்காளியை விலை கட்டாமல் விவசாயி சாலையோரம் கொட்டும் மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் நான்கைந்து கிலோ வாங்கி, சாஸாக்கி ஃப்ரீஸரில் அடுக்கிவிடுங்கள்.

3. வேகவைத்துத் தோலுரிக்க வேண்டாம், துருவுங்கள். தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைச் சாதாரணக் காய்த் துருவியின் (தேங்காய்த் துருவி அல்ல) பெரிய கண்ணில் தேயுங்கள். சதையெல்லாம் பாத்திரத்தில் விழுந்து, தோல் மட்டும் தட்டையாக உள்ளங்கையில் நின்றுவிடும். அதுவே விரலுக்குக் கவசமும்கூட. மிக்ஸியில் அடித்தால் காற்று புகுந்து சிவப்பு போய் ரோஸ் நிறமாகிவிடும். விதையும் அரைபட்டு லேசான கசப்பு இறங்கும். பராமரிப்பு என்று குழாயில் தண்ணீரை நிறுத்தும் புனே வியாழக்கிழமைகளில் கழுவுவதற்கு இரண்டு பாத்திரம் குறைவது சின்ன லாபமில்லை.

4. விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைக் கொட்டாதீர்கள். 'தண்ணியா இருக்கு' என்று பலர் அதை வழித்துப் போட்டுவிடுகிறார்கள். தக்காளியின் ருசிக்குக் காரணமான குளுட்டமேட் சதையைவிட அங்கேதான் அதிகம். சீஸ் இல்லாத பீட்ஸாவில் அந்த ருசியை விட்டுவிட்டால் வேறு எங்கிருந்து கொண்டுவருவது?

5. அளவு. ஒரு கிலோ தக்காளிக்கு ஆறு பல் பூண்டு, இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் காய்ந்த ஆரிகனோ. காரம் வேண்டுமென்றால் பியாட்கி மிளகாயைக் கொரகொரப்பாக இடித்து அரை டீஸ்பூன். நிறம் தரும், நாக்கைச் சுடாது. மூன்று நான்கு சிறிய பீட்ஸாவுக்கு வரும். சிவப்பு கூடட்டும் என்று பீட்ரூட் சேர்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த மண்வாசனை ஆகாது.

6. பாத்திரம். பாஜி செய்யும் இரும்பு வாணலியையும், பூச்சில்லாத அலுமினியத்தையும் தொடாதீர்கள். தக்காளியின் புளிப்பு உலோகத்தைப் பிடித்துச் சாஸைக் கறுக்க வைக்கும், வாயில் உலோகச் சுவை வரும். அடி கனத்த, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் போதும். வாய் அகலமாக இருந்தால்தான் நீர் சீக்கிரம் வற்றும்.

7. எண்ணெய், பூண்டு. ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ ஊற்றுங்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் மரச்செக்குக் கடையின் கடலை எண்ணெய் சட்னிக்குப் பிரமாதம். இங்கே அதன் மணம் தக்காளியை மிஞ்சிவிடும். பூண்டை மெல்லியதாகச் சீவி, எண்ணெய் காயும் முன்பே போட்டு, சிறு தீயில் வெளிர் பொன்னிறம் வரும்வரை மட்டும் வதக்குங்கள். சிவந்துவிட்டால் கசக்கும், பிறகு எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது.

8. எண்ணெய் பிரியும் வரை காத்திருக்காதீர்கள். நமக்கெல்லாம் 'எண்ணெய் பிரிந்தால் ஆச்சு' என்பது பாடம். சாஸில் எண்ணெய் பிரிந்தால் தொக்காகிவிட்டது என்று பொருள். கடுகு, மஞ்சள், வெந்தயப் பொடி எதற்கும் கை நீள வேண்டாம். துருவிய தக்காளியையும் உப்பையும் போட்டு, மூடாமல், மிதமான தீயில் முப்பது நாற்பது நிமிடம் கொதிக்கட்டும். முதலில் ஓரங்களில் நுரை கட்டும். பிறகு குமிழ்கள் சின்னதாகி, 'தப் தப்' என்று தெறிக்கத் தொடங்கும். அப்போது ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். சுற்றிலும் நீர் வளையம் பிரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். பிரியாமல் மொத்தமாக மெல்ல நகர்ந்தால் உடனே இறக்குங்கள்; ஆறினால் இன்னும் இறுகும். வீட்டில் தவாவில் பீட்ஸா போடுபவர்கள் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. கடையின் பெரிய ஓவன் போல மேலிருந்து சூடு வராததால் சாஸின் நீர் முழுதும் பேஸுக்குள் இறங்கி, அடி கருகி நடு சொதசொதவென்று ஆகும்.

9. இலைகள். காய்ந்த ஆரிகனோவை உள்ளங்கையில் தேய்த்து, தக்காளி பாதி வற்றியதும் போடுங்கள். அது தீர்ந்துபோனால் கடைக்கு ஓட வேண்டாம், பால்கனித் தொட்டியைப் பாருங்கள். மழைக்காலத்தில் பஜ்ஜி போடும் கற்பூரவல்லி இருக்கிறதா? மராத்திக்காரர்கள் ஓவா இலை என்று இதைத்தான் பஜ்ஜி போடுகிறார்கள். ஆரிகனோவுக்கு வாசனை தரும் கார்வக்ரால், தைமால் இரண்டும் இதிலும் உண்டு. ஆனால் முரட்டு இலை. ஒரு கிலோவுக்கு இரண்டு இலை, பொடியாக நறுக்கி, கடைசி ஐந்து நிமிடத்தில். நான்கு போட்டால் சளிக்கஷாயம் நினைவுக்கு வரும்.

   பேசில் என்று சிறு டப்பாவில் விலை கூட்டி விற்கிறார்களே, அதன் சொந்தக்காரன்தான் நம் திருநீற்றுப்பச்சிலை. தாவரப் பெயரும் ஒன்றே. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இந்தச் செடியுடையது. மளிகைக் கடையில் பத்து ரூபாய் சப்ஜா வாங்கித் தொட்டியில் தூவினால் முளைத்துவிடும். இத்தாலிய ரகத்தைவிட மணம் சற்றுக் காட்டமாக இருக்கும், அவ்வளவுதான். அடுப்பை அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போடுங்கள். கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும். துளசி இதற்கு மாற்று ஆகாது. கிராம்பு வாசனை தூக்கும். தவிர, புனே வீட்டுத் துளசி மாடத்திலிருந்து பீட்ஸாவுக்கு இலை பறிக்க எந்த மாமியாரும் சம்மதிக்க மாட்டார்.

10. புளிப்பு அதிகமானால் ஒரு சிறு கேரட்டைத் துருவித் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். சர்க்கரையைக் கொட்டினால் கெச்சப் ஆகிவிடும். அப்படியும் புளித்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா, சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

11. வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்களுக்கு. பக்கத்து வீட்டில் ஜைனக் குடும்பம் இருக்கலாம். சாதுர்மாதத்தில் வெங்காயம் பூண்டை ஒதுக்கும் மராத்தி வீடுகளும் நிறைய. ஆஷாட ஏகாதசிக்கு முந்தைய நவமியை 'காந்தே நவமி' என்று சொல்லி, வெங்காய பஜ்ஜி வகையறாவை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஒதுக்குவார்கள்! அவர்களுக்குக் கொடுப்பதென்றால் பூண்டுக்குப் பதில் எண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயம். கேரட்டும் கூடாது, ஜைனர்கள் கிழங்கு வகை தொடமாட்டார்கள்.

12. கடைப் பொருளின் லேபிள். பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று நினைக்காதீர்கள். பால் பொருள் சேர்த்தாலும் பச்சைப் புள்ளிதான். 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்து உள்ள முத்திரையைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பொருள்பட்டியலில் பால் பவுடர், சீஸ் பவுடர், வே, கேசினேட் என்று ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். பேக்கரி பீட்ஸா பேஸில் பால் பவுடர் சேர்ப்பவர்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

13. சேமிப்பு. நன்றாக ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் மூன்று மாதம். ஒரு சிறிய பீட்ஸாவுக்கு நான்கு கட்டி. 'மேலே எண்ணெய் மிதக்குது, கெடாது' என்று ஊறுகாய்க் கணக்கில் வெளியே வைக்காதீர்கள். பூண்டும் எண்ணெயும் சேர்ந்து காற்றில்லாமல் வெளியே கிடந்தால் போட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்க வாய்ப்புண்டு. வாசனையிலும் நிறத்திலும் அது தெரியாது. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய சிவப்புக் கறை தேய்த்தால் போகாது. கழுவி ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள், வெளுத்துவிடும்.

14. சீஸ் இல்லாமல் மேலே என்ன? கொங்கண் முந்திரியில் உடைசலாகப் பார்த்து வாங்குங்கள். முழு முந்திரியைவிட விலை குறைவு, அரைக்கத்தானே போகிறோம். ஒரு கைப்பிடியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, உப்பு, அரைப் பல் பூண்டோடு இட்லி மாவு பதத்தில் அரைத்துத் துளித்துளியாக விடுங்கள். அதற்கும் சோம்பல் என்றால், சோலாப்பூர் வேர்க்கடலைச் சட்னிப் பொடியைச் சாஸின் மேல் தூவி, குடமிளகாய் நான்கு துண்டு வைத்து, பேஸுக்குப் பதில் முதல்நாள் மீந்த சோள பாக்ரியில் போட்டுத் தவாவில் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். இத்தாலிக்காரர் பார்த்தால் கோபித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் கடை பேஸைவிட இதற்குத்தான் போட்டி.