மூன்றாம் நாள் நடுக்கம்

திருச்செந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவர்களில் பலர் கோயிலுக்கு வந்து, கடலில் முழுகி, நாழிக்கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்கள் சந்நிதியில் ஒரு வாக்கும் கொடுக்கிறார்கள்: இனிமேல் தொடமாட்டேன். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போடுகிறவர்களும் அப்படித்தான். மனமார எடுக்கும் அந்த முடிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கை ஆளையே கொல்லக்கூடியது.

“மாலை போட்டாச்சுல்லா, இனி தானா நின்னுரும்.” எப்போதாவது குடிப்பவருக்கு இது சரி. வருடக்கணக்காக, கண் விழித்ததும் குடித்துப் பழகியவருக்குச் சரியில்லை. மது மூளையின் துடிப்பை அடக்குகிறது. மூளையும் ஈடுகொடுக்கத் தன் துடிப்பைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் அடக்குவதற்கு ஆளில்லாமல் அந்தத் துடிப்பு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசுவார்கள்.

விமானம் ஏறுவதற்கு முன் கடைசியாகக் குடித்தவருக்கு அந்த மூன்றாம் நாள் சவூதியிலோ குவைத்திலோ உள்ள ஒரு தொழிலாளர் அறையில் விடிகிறது. உடன் இருப்பவர்கள் ஊர் ஏக்கம் என்கிறார்கள், பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். விரதக் காலத்தில் ஊரில் நடந்தால் சாமி வந்திருக்கிறது என்று வேப்பிலை தேடுவார்கள். உண்மையில் இது உயிர் போகக்கூடிய நோய்நிலை. மருத்துவமனையில் டயஸிபாம் போன்ற மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோரைச் சில நாட்களில் மீட்டுவிடலாம். தினக்குடி உள்ளவர் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவர் பார்வையில் நிறுத்தவேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டால் வழிகாட்டுவார்கள். டயஸிபாம் போன்ற மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம். வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் வழக்காகிவிடும்.

“கடல்ல ஒரு முழுக்குப் போட்டா இறங்கிரும்” என்பதும் பொய். கல்லீரல் மணிக்கு ஒரு சிறு பெக் அளவைத்தான் கரைக்கும். முழுக்கோ மோரோ கடுங்காப்பியோ போதையை விரட்டாது. குடித்தவரின் கால் அலையில் நிற்காது என்பதுதான் நடக்கும். தூத்துக்குடியில் கப்பலேறும் மாலுமிக்கும் “தெளிவாத்தான் இருக்கேன்” என்ற சொல் உதவாது: 2012 முதல் அமலில் உள்ள உலகக் கடல்துறை விதிப்படி பணியில் இருக்கும்போது ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் மது இருக்கக்கூடாது.

இன்னொரு நம்பிக்கை இதைவிடக் கொடியது. “நாக்குல வச்சாலே நல்ல சரக்கான்னு தெரிஞ்சிரும்.” தெரியாது. நஞ்சான மெத்தனாலும் மதுவில் உள்ள எத்தனாலும் நிறமற்றவை. மணத்திலும் சுவையிலும் பிரித்தறிய முடியாது. தீக்குச்சி கிழித்து, நீலமாக எரிந்தால் சுத்தம் என்பதும் சோதனை ஆகாது. மதுவுக்கே தடையுள்ள குவைத்தில் 2025 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த கள்ளச்சரக்கால் 23 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட 160 பேரும் ஆசியாவிலிருந்து போனவர்கள். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டு வாங் வியெங்கில் இறந்த ஆறு பேர் சுற்றுலா வந்த வெளிநாட்டினர். கள்ளக்குறிச்சி, மரக்காணம் கள்ளச்சாராயச் சாவுகளும் நமக்குத் தெரியாதவை அல்ல. கைமாறிக் கிடைக்கும் பாட்டிலில் ‘ஃபாரின்’ என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான் என்று சொல்ல முடியாது.

“ராத்திரி குடிச்சான், காலையில வேலைக்கும் போனான். சரக்குல கோளாறு இல்லை.” இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லீரல் மெத்தனாலை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைத் தின்பது அந்த அமிலம். அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் மங்கும் பார்வை. முதல்நாள் போதையின் மிச்சம் என்று போர்த்திப் படுத்துவிடுகிறார்கள்.

“இதுக்கு மருந்தே சாராயம்தானாமே, இன்னொரு கிளாஸ் ஊத்து” என்று சொல்பவரும் உண்டு. மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற முறிமருந்து கிடைக்காதபோது எத்தனால் கொடுப்பது உண்மைதான். அளவு பார்த்து, ரத்தம் சோதித்துக் கொடுப்பார்கள். அது மெத்தனால் அமிலமாக மாறுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்த அமிலத்தை நீக்கப் பலருக்கு டயாலிசிஸ் வேண்டும். அறையில் ஊற்றிக்கொடுக்கும் அடுத்த கிளாஸ் அதே நஞ்சுப் பாட்டிலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

தடையுள்ள நாட்டில் போலீஸ் வரும், நாடு கடத்துவார்கள் என்ற பயம் நியாயமானதே. ஆனாலும் மருத்துவரிடம் என்ன குடித்தோம், எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொன்னால்தான் சிகிச்சை நேரத்துக்குத் தொடங்கும். அதே பாட்டிலில் பங்கு குடித்த மற்றவர்களும், எனக்கொன்றும் இல்லை என்று சொன்னாலும், அதே வண்டியில் ஏறிப் போகவேண்டும்.